வள்ளி வீட்டுப் பந்தி

...நன்றிங்கிறது ஒரு சொட்டு இல்லம்மா. சக்கரைப் பொங்கலுக்கு முந்திரிப் பருப்பு மட்டும் ரெண்டு கிலோ போட்டிருக்கேன். ஒரு புள்ள அதை ருசிச்சுத் திங்கணுமே. இலையை ஒரு தரம் பாக்குது, வாசலை ரெண்டு தரம் பாக்குது. இலை, வாசல், இலை, வாசல்... இந்தக் கல்லுல கொஞ்சம் தள்ளிக்கம்மா, நானும் உக்காந்துக்கிறேன். முழங்கால் நிக்க விட மாட்டேங்குது.

அந்தா டீக்கடை ஓரமா நிக்குது பாரு வேனு, அதுதான் நாங்க வந்தது. டயரு பஞ்சரு. டிரைவரு செல்வமுருகன் மாத்திக்கிட்டு இருக்கான். பக்கத்துல டார்ச்சு அடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. இன்னும் வெளிச்சம் இருக்கு, எதுக்கு டார்ச்சுங்கிறியா? அவரு அப்படித்தான். கையில ஒரு சோலி இருந்தாப் போதும், வேலை செஞ்ச மாதிரி.

ரோடு பிரியுற இந்த விலக்குல நீ பஸ்ஸுக்கா உக்காந்திருக்க? ஓ, ஆளுக்குக் காத்திருக்கியா. மக வருதா. ரெண்டு மணி பஸ்ஸுல வரணுமா... இப்ப மணி அஞ்சரை ஆகப் போகுதே. வந்துரும்மா. மலைப் பாதையில எது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கு? மரம் விழுந்திருக்கும், இல்ல டூரிஸ்ட் கார்க்காரன் குறுக்க விட்டிருப்பான். மூஞ்சியைப் பாரு, எப்படி வாடிப் போச்சு. காலையில இருந்து சாப்பிடலையா? இந்தா, தூக்குல பொங்கல் இருக்கு. வேணாமா... விரதமா? ராத்திரி சாமி கும்பிட்டுத்தான் சாப்பாடா? நல்லதும்மா. சாமி காரியம்னா நான் வற்புறுத்த மாட்டேன். எந்த ஊரு உனக்கு? இரு, சொல்லு, அதுக்கு முன்னாடி நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சிருறேன், இல்லாட்டி மறந்து போவேன்.

எங்களுக்குப் பழனி. அடிவாரத்துல பூசைச் சாமான் கடை. எனக்குப் பேரு முருகேஸ்வரி. எட்டாப்பு வரைக்கும்தான் படிச்சேன், ஆனா கந்தர் சஷ்டி கவசம் புஸ்தகம் பாக்காமச் சொல்லுவேன். எம் மகன் சிவமுருகனுக்குக் கலியாணமாகி ஆறு வருசமாப் புள்ள இல்ல. நான் ஏறாத படி இல்ல. பால்குடம் எடுத்தேன், மொட்டை போட்டேன், தங்கத் தேர் இழுத்தேன். ஒண்ணும் ஆகல. அப்பத்தான் ஒரு ஜோசியர் கேட்டாரு. "முருகனுக்கு எல்லாம் செஞ்சுட்ட. வள்ளி வீட்டுக்கு என்ன செஞ்ச?"ன்னாரு. எனக்குச் சுரீர்னு ஆயிருச்சு. ஆமால்ல. வள்ளி மலைக்காட்டுப் பொண்ணு. பொண்ணு எடுத்த வீட்டுக்கு ஒரு வாய்ச் சோறு போட்டமா இத்தனை வருசத்துல? சம்பந்தி முறை கெட்டுக் கெடந்தா எப்படி வம்சம் விளங்கும்?

அன்னைக்கே மஞ்சத்துணியில காசு முடிஞ்சேன். மருமக முழுகாம இருந்தா மலைவாசிப் புள்ளைங்களுக்கு என் கையால பந்தி போடுறேன்னு. இப்ப மருமகளுக்கு அஞ்சாம் மாசம். முருகன் கேட்டுட்டான், பாத்துக்க.

அப்புறம் விசாரிச்சா, இந்தா மேல, ஒரு ட்ரஸ்ட்டு விடுதி நடத்துது. வெளிநாட்டுல இருந்து யாரோ புண்ணியவான் பணம் அனுப்புறாங்க. காட்டுக்குள்ள இருக்கிற குடியிருப்புல இருந்து புள்ளைங்களைக் கொண்டாந்து தங்க வச்சுப் படிக்க வைக்கிறாங்க. நாப்பது புள்ளைங்க. வார்டன் பேரு சுதாராணி. மெலிஞ்ச பொண்ணு, எதைக் கேட்டாலும் "ஆபீசுல கேட்டுச் சொல்றேங்க"ங்கும்.

போன வாரம் அதுகிட்டப் போன்ல பேசினேன். பங்குனி மாசத்து வெள்ளிக்கிழமை வேணும், மத்தியானப் பந்தி, மொதக் கை எங் கையா இருக்கணும். அதுவரைக்கும் புள்ளைங்க வாயில ஒண்ணும் படக்கூடாது, பசிச்ச வயித்துக்குப் போட்டாத்தான் புண்ணியம்னேன். அந்தப் பொண்ணு, "காலையில மட்டும் கஞ்சி குடுத்துக்கிறேனே"ன்னு இழுத்துச்சு. சரி குடு, தண்ணியாக் குடுன்னுட்டேன். நானும் மனுசிதான.

அப்ப அது இன்னொண்ணும் சொல்லிச்சு. "அன்னைக்கு ஒன்பது புள்ளைங்க ஊருக்குப் போறாங்கம்மா, அவங்க ஊர்ல அம்மனுக்கு வருசச் சாமி கும்பிடு, ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போகணும்"னு. போகட்டுமே, யாரு வேணாங்குறது? மத்தியானப் பந்திதான, பன்னெண்டு மணிக்கு உக்காந்தா ஒரு மணிக்கு எந்திரிக்கப் போறாங்க, நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வைன்னேன். ஒன்பது எலை கொறைஞ்சா என் வேண்டுதல் என்ன ஆகுறது? நாப்பதுன்னு சாமிகிட்டச் சொல்லியாச்சு.

இன்னைக்கு வெள்ளனே மூணு மணிக்கு எந்திரிச்சோம். சமையக்காரரு பத்து மணிக்கெல்லாம் எல்லாத்தையும் எறக்கி வச்சுட்டாரு. சாம்பார், ரெண்டு பொரியல், வடை, பாயாசம், பொங்கல். செல்வமுருகன் ஆரன் அடிக்கிறான். எங்க வீட்டுக்காரரு சட்டையை மாட்டிட்டாரு. நான் காலண்டரைப் பாக்குறேன், மணி பத்தரை. வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலம். நல்ல காரியத்துக்கு வாசல் தாண்டுவமா? உக்காந்தோம். அண்டாவெல்லாம் வேன்ல, நாங்க வீட்ல. பன்னெண்டு அடிச்சு அஞ்சு நிமிசத்துக்குத்தான் வண்டி நகந்துச்சு. அந்த வார்டன் பொண்ணு அதுக்குள்ள மூணு தடவ போனு. "எங்கம்மா வாரீங்க, எங்கம்மா வாரீங்க"ன்னு. கெளம்பிட்டோம் கெளம்பிட்டோம்னு நான் வீட்ல உக்காந்துக்கிட்டே சொல்றேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.

மலையேறினா கூட்டம். ரோட்டோரம் ஒரு கொரங்கு நின்னா நாப்பது காரு நிக்குது. போய்ச் சேரும்போது ரெண்டே முக்கால்.

எறங்குறேன், புள்ளைங்கெல்லாம் வரிசையா நிக்குது. குட்டையில இருந்து நெட்டை வரைக்கும், யாரும் சொல்லாமலே. நெஞ்சுக்கு நேரா கையக் கட்டிக்கிட்டு வரவேற்புப் பாட்டு. பாட்டு முடிஞ்சதும் நடுவுல நிக்கிற பய கேக்குறான், "ஆன்ட்டி, போட்டோ இப்பவா, சாப்பிடும்போதா?"ன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ரெண்டு தடவையும்டா"ன்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. பிளெக்ஸு கொண்டு போயிருந்தோம்ல. எங்க ரெண்டு பேரு படம், மகன், மருமக படம், மேல முருகன் வள்ளி. அதை எந்த ஆணியில மாட்டுறதுன்னுகூட புள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. போன வாரப் பிளெக்ஸைக் கழட்டுறான், நம்மளுதை மாட்டுறான், ஒரு நிமிசம் ஆகல.

குடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்கம்மா, எனக்கு முன்னாடி வந்தவங்க. அங்க ஆளுக்கு நாலு ஸ்கூல் பேக்கு, ஆறு தண்ணிப் பாட்டிலு. காலுக்குச் செருப்பு பாதிப் பேருக்கு இல்ல. செருப்பு குடுத்தா போட்டோவுல தெரியாது போல. ஒரு கம்பெனிக்காரங்க வந்து மரக்கன்னு நட்டுட்டுப் போனாங்களாம். போன வருசமும் வந்து நட்டாங்களாம், அதே குழியில. அந்தக் குழியை மூட வேணாம்னு வார்டன் சொல்லி வச்சிருக்கு, அடுத்த வருசத்துக்கு ஆகும்னு. நாம அப்படியா? நாம வேண்டுதலுக்குப் போனவங்க.

நான் போனதும் ஆசையா ஒரு பொண்ணைக் கூப்பிட்டு, "ஏத்தா, வள்ளி மாதிரியே இருக்கியே, உங்க காட்டுத் தேனு கொஞ்சம் கெடைக்குமா"ன்னேன். "பஜார்ல கெடைக்கும் ஆன்ட்டி"ங்குறா. "தினைப்புனம் காக்கத் தெரியுமா"ன்னேன். "நான் ஸ்டாஃப் நர்ஸ் ஆகப் போறேன்"ங்குறா. சரிதான்னு விட்டுட்டேன்.

போட்டோ எடுத்து முடிக்க மூணு மணி. இலையும் போட்டாச்சு. கரண்டியக் கையில எடுக்கிறேன், திக்குன்னுச்சு. வெள்ளிக்கிழமை மூணுல இருந்து நாலரை என்ன? யமகண்டம். கர்ப்பிணிப் பொண்ணுக்காக வேண்டி வச்ச பந்தியை யமகண்டத்துல ஆரம்பிக்கிறதா? நீயே சொல்லு. எம் மருமக வயித்துல இருக்கிறது ஆறு வருசம் கழிச்சு வந்தது. நான் துணிவேனா? கரண்டிய வச்சுட்டேன்.

வார்டன் பொண்ணு பேயறைஞ்ச மாதிரி நிக்குது. "புள்ளைங்க பசியா இருக்குங்கம்மா"ங்குது. நான் சொன்னேன், பசியோட பசியா ஆளுக்கு ஆயிரம் தரம் முருகா சொல்லச் சொல்லு, நேரம் போறது தெரியாதுன்னு. சொல்லுச்சுங்க. நாப்பது புள்ளைங்களும் எலைக்கு முன்னாடி உக்காந்து, ஒன்றரை மணி நேரம். சொல்லிக்கிட்டே தூங்கிப் போச்சு ரெண்டு சின்னது. எழுப்பி உக்கார வச்சோம். எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. பாவம் பாத்தா சாஸ்திரம் என்ன ஆகுறது?

அதுல ஒருத்தி, நர்ஸாகப் போறேன்னாளே, அவதான், மடியில பையை வச்சுக்கிட்டே உக்காந்திருக்கா. பந்தியில பையை ஓரமா வைடின்னேன். மாட்டேங்குறா. தலையை எண்ணெ போட்டு வாரி, ஊருக்குப் போற சட்டை. பிடிவாதக்காரி. பேரு கேட்டேன். தாரணியாம். வாசலையே பாத்துக்கிட்டு இருந்த கூட்டத்துக்கு அவதான் தலைவி. ஒன்பது பேரும் ஒரே ஊரு, வரிசையா...

என்னம்மா? ஏன் எந்திரிச்ச? பஸ்ஸா? ஒண்ணும் வரலையே. உக்காரு, வந்தாத் தெரியும்.

நாலரைக்குப் பரிமாறினேன். நாலு அம்பதுக்கு எல்லாம் எந்திரிச்சுருச்சுங்க. அதான் சொன்னேன்ல, முந்திரியைக்கூட... சரி, அது ஆறிப் போயிருந்துச்சு, வடை ரப்பரா இழுத்துச்சு, அதுவும் உண்மை. கையக் கழுவினதும், "தேங்க் யூ ஆன்ட்டி, தேங்க் யூ அங்கிள்"னு ஒரே குரல்ல சொல்லிட்டு அந்த ஒன்பதும் கேட்டுக்கு ஓடுது. வார்டன் பொண்ணு போய்த் தடுத்து, "பஸ்ஸு ரெண்டு மணிக்கே போயிருச்சுல்ல, இனி நாளைக்குத்தான்"னு சொல்லுது. அழுவாங்கன்னு பாத்தேன். ஒண்ணு அழல. அழுதாக்கூட சமாதானம் சொல்லியிருப்பேன். கேட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்குதுங்க, பைய முதுகுல மாட்டிக்கிட்டு. எனக்கு அது என்னமோ என்னைக் குத்தம் சொல்ற மாதிரி இருந்துச்சு. அதான் எனக்கு மனசு ஆறல.

அந்தத் தாரணி எங்கிட்ட வந்தா. "ஆன்ட்டி, எங்கம்மா விலக்குல நிப்பாங்க"ன்னா. "இன்னைக்கு ராத்திரிதான் சாமி, நாளைக்குப் போனா ஒண்ணும் இருக்காது"ன்னா. நான் வெத்தலை மடிச்சுக்கிட்டு இருந்தேன். "நிக்கட்டும்டி, அம்மா எங்க போயிரப் போறா, ஆளைக் காணோம்னா வீட்டுக்குப் போயிருவா"ன்னு சொன்...

...

உம் மக பேரு என்னம்மா?

இல்ல, அதை விடு. ஊரு... ஊரு கேட்டேன்ல மொதல்லயே, நீ சொல்லலையே. இல்ல, நான்தான் சொல்ல விடல. சொல்லு. ...ஈத்தங்குழி. வார்டன் பொண்ணு சொன்னது அதுதான். ஈத்தங்குழிப் புள்ளைங்க ஒன்பது பேருன்னுச்சு.

மத்தியானத்துல இருந்து இந்தக் கல்லு மேலயா உக்காந்திருக்க? ஒன்பது புள்ளைங்களையும் நீ ஒருத்தியா கூட்டிட்டுப் போக வந்தியா. மத்தவங்கெல்லாம் அங்க பொங்க வைக்கிறாங்களா. இங்க இருந்து காட்டுக்குள்ள அஞ்சு மைலா... இருட்டுறதுக்குள்ள போகணும், காட்டுமாடு எறங்கும், ஆமா, ஆமா.

புள்ளைக்கு ஒண்ணுமில்ல தாயி. நல்லா இருக்கா. பத்திரமா இருக்கா. பாயாசம்கூட ரெண்டாந்தரம் வாங்கினா... வாங்கல. பொய் சொல்றேன். ஒரு வாய்தான் வச்சா.

நீ அப்படிப் பாக்காத. நான் கெட்டவ இல்ல. மொதல்லயே நீ சொல்லியிருக்கலாம்ல, எம் மக அந்த விடுதிலதான் இருக்கான்னு... எப்படிச் சொல்லுவ. நான் மூச்சு விட்டாத்தான.

பஸ்ஸு போனது நான் லேட்டா வந்ததால. சரி. ரோட்டுல கூட்டம்னு அதுக்கு ஒரு சாக்கு இருக்கு. ராகு காலத்தை நான் உண்டாக்கல, அது காலண்டர்ல இருக்கு. ஆனா இன்னொண்ணு இருக்கு, அதை நான் உங்கிட்டச் சொல்லல. சொல்லாமலே வேன்ல ஏறிப் போயிருப்பேன். டயரு விடல. நாங்க கெளம்பும்போது அந்த வார்டன் பொண்ணு வேன் கதவைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு. "அம்மா, நீங்க கீழதான போறீங்க, விலக்கு கால் மணி நேரந்தான், இந்த ஒன்பது புள்ளைங்களை மட்டும் ஏத்தி எறக்கி விட்டுருங்களேன், ஆபீசுல நான் சொல்லிக்கிறேன்"னு. ஆபீசுல சொல்லிக்கிறேன்னு அது வாயில வந்தது இன்னைக்கு ஒரு தடவதான். நான் உள்ள பாத்தேன். சீட்டு பூரா அண்டாவும் குண்டாவும். வாடகைப் பாத்திரம், நசுங்கிரும். "எடமில்லம்மா"ன்னேன். புள்ளைங்க எல்லாம் கேட்டுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. எடமில்லன்னு நான்தான் சொன்னேன். அவரு சொல்லல, டிரைவரு சொல்லல. அண்டாவுக்கு எடம் இருந்துச்சு.

தாயி, எங்க போற? நில்லு. அது மேல போற ரோடு. நடந்தா ஒரு மணி நேரம் ஆகும். வேன்ல... வேன்ல ஏறு தாயி, இந்தா டயரு மாட்டி முடிக்கப் போறான். கேக்குதா? நில்லேன். ஒரு வார்த்தை திட்டிட்டாவது போ.

ஏங்க. ஏங்க, இங்க வாங்க. டார்ச்சை அணைச்சுட்டு வாங்க. டயரு முடிஞ்சுதா? நல்லது. அந்த அண்டாவை எல்லாம் எறக்குங்க. ஆமா, இங்கதான், டீக்கடை ஓரமா. காணாமப் போனாப் போகட்டும். செல்வமுருகா, நீயும் புடி. பழனிக்கு இல்லப்பா, மேல போகணும், திரும்ப விடுதிக்கு. ஏன்னு கேக்காதீங்க, ஏறுங்க. என்ன மணி? நான் கேக்கல, நீங்களும் பாக்காதீங்க. மூணு சீட்டுல ரெண்டு ரெண்டு பேரு, முன்னாடி மூணு பேரு, உக்காரும். அந்த வார்டன் பொண்ணுகிட்டப் போன்ல நான் பேசிக்கிறேன். ஆபீசுல கேக்கட்டும், நான் பதில் சொல்றேன்.

அந்தா போறாங்களே, அவங்க தாரணியோட அம்மா. அந்தப் பை வச்சிருந்த புள்ள. ஆமாங்க. இவ்வளவு நேரம் இவங்ககிட்டத்தான் நான்... ஆமா, எல்லாத்தையும். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.

ஏறச் சொன்னேன், ஏற மாட்டேங்குறாங்க. திரும்பிக்கூடப் பாக்கல. நீங்க முன்னாடி போய்ப் புள்ளைங்களை ஏத்திக்கிட்டு வெரசாத் திரும்பி வந்துருங்க. பாதி வழியில நாங்க எதுக்க வருவோம். அவங்களைத் தாண்டும்போது ஆரன் மட்டும் அடிக்க வேணாம்னு செல்வமுருகன்கிட்டச் சொல்லுங்க.

நான் வேன்ல வரல. அவங்க பின்னாடி நடந்து வாரேன். முழங்காலு கெடக்கு, விடுங்க.

இல்லங்க. பேச மாட்டேன்.